சவலை நோய்க்குத் தாய்மாரிடம் பெயர் கேட்ட வைத்தியர்

சவலைப் பிள்ளை என்ற சொல் எமது பாட்டிமாருக்கு நன்கு தெரியும். தாய் அடுத்த பிள்ளைக்குக் கர்ப்பமாகி, மடியில் இருந்த பிள்ளைக்கு முலைப்பால் நின்றுவிடும். அந்தப் பிள்ளை மெலிந்து, சிணுங்கி, சோற்றைத் தட்டிவிட்டு மூலையில் குந்தியிருக்கும். அதைத்தான் சவலை பாய்ந்த பிள்ளை என்றார்கள். குடாநாட்டு வீடுகளில் இந்தச் சொல் இப்போது அரிதாகவே கேட்கிறது. ஆனால் பிள்ளை சாப்பிடுதில்லை என்ற தாய்மாரின் கவலை குறையவில்லை.

கிளினிக்கில் நிறை பார்க்கும் நாளிலும், மருந்துக்கடையிலும், பாலர் பாடசாலை வாசலிலும் இந்தக் கவலையைக் கேட்கலாம். அதற்கு உடனே கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒரு பேணி. பசியைத் தூண்டும், உயரத்தைக் கூட்டும், மூளையை வளர்க்கும் என்று விளம்பரம் செய்யப்படும் மா வகைகளும் பாணிகளும் கடைத்தட்டுகளில் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் சிலவற்றின் விலை ஒரு நாட்கூலியையும் தாண்டும். கணவனைப் போரில் இழந்து தனியே குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள்கூட, கடன்பட்டாவது அந்தப் பேணியை வாங்கிவிட முயல்கிறார்கள். போரில் எத்தனையோ பிள்ளைகளைப் பறிகொடுத்த சமூகம் இது. மிஞ்சிய பிள்ளை மெலிவதைப் பார்த்துக்கொண்டிருக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது.

பேணிக்கும் பிள்ளையின் பசிக்கும் இடையிலான இந்தக் கேள்வியைத் தன் வாழ்நாள் முழுவதும் சுமந்த வைத்தியர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் சிசிலி வில்லியம்ஸ். சவலை நோயை உலக மருத்துவத்துக்கு அறிமுகப்படுத்தியவர் அவர்தான். பால் கம்பனிகளைப் பகிரங்கமாக எதிர்த்தவர். போர்க்காலச் சிறைமுகாமில் மூன்றரை வருடங்கள் பட்டினி கிடந்து உயிர் தப்பியவர்.

ஜமைக்காவிலிருந்து அக்ரா வரை

சிசிலி வில்லியம்ஸ் 1893 டிசம்பர் 2ஆம் திகதி ஜமைக்கா தீவில் பிறந்தார். அவரது குடும்பம் பல தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த ஆங்கிலேயக் குடும்பம். தந்தை அந்தத் தீவின் கல்விப் பணிப்பாளராக இருந்தார். பதின்மூன்று வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். பின்னர் ஜமைக்கா திரும்பிச் சில வருடங்கள் பெற்றோருக்கு உதவியாக இருந்தார்.

அந்தக் காலத்தில் பெண்கள் மருத்துவம் படிப்பது இலகுவாக இருக்கவில்லை. முதலாம் உலகப் போரில் ஆண் மாணவர்கள் போர்முனைக்குப் போய்விட, ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் பெண்களுக்கு இடம்கொடுக்கத் தொடங்கியது. அந்த வாய்ப்பில் 1917இல் மருத்துவம் பயிலச் சென்றவர், 1923இல் வைத்தியராகப் பட்டம் பெற்றார். லண்டனில் சிறுவர் வைத்தியசாலையில் வேலை செய்தபோது ஒரு விடயம் அவருக்குப் புரிந்தது. பிள்ளைக்கு மருந்து கொடுத்து அனுப்பினால் மட்டும் போதாது. அந்தப் பிள்ளை எந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறது, அங்கே என்ன சமைக்கிறார்கள், யார் ஊட்டுகிறார்கள் என்பதும் தெரிய வேண்டும்.

1929இல் பிரித்தானியக் குடியேற்ற மருத்துவ சேவை அவரை மேற்கு ஆபிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டுக்கு அனுப்பியது. இன்று அதன் பெயர் கானா. அவருக்குக் கிடைத்த பதவியின் பெயர் பெண் மருத்துவ அதிகாரி. அந்தப் பெயருக்குள் ஆண்களைவிடக் குறைந்த சம்பளம் என்ற பொருளும் இருந்தது. தலைநகர் அக்ராவில் இருந்த சிறுவர் வைத்தியசாலையில்தான் அவர் அந்த நோயை முதன்முதலில் கூர்ந்து கவனித்தார்.

பெயர் கேட்டவர்

நோயாளிகள் ஒன்று முதல் நான்கு வயது வரையான பிள்ளைகள். காலும் கையும் வீங்கியிருக்கும். முகம் உப்பி, பார்வைக்குக் கொழுகொழு என்றுகூடத் தோன்றும். தோல் கருத்து உரியும். தலைமுடி செம்பட்டையாகும். சிரிக்காது, விளையாடாது, யாரையும் கிட்ட வர விடாது. உணவைக் காட்டினால் தலையைத் திருப்பிக்கொள்ளும். பெரும்பாலான பிள்ளைகள் இறந்துபோனார்கள்.

நிக்கோட்டினிக் அமிலக் குறைவால் வரும் பெலகரா என்ற நோய்தான் இது என்று மற்ற வைத்தியர்கள் சொன்னார்கள். வில்லியம்ஸ் அதை ஏற்கவில்லை. இறந்த பிள்ளைகளின் உடல்களைத் தானே பரிசோதித்தார். ஈரலில் கொழுப்புப் படிந்திருந்தது. பிறகு அந்தக் காலத்து வெள்ளை அதிகாரிகள் செய்யாத ஒன்றைச் செய்தார். உள்ளூர்த் தாதியரிடமும் தாய்மாரிடமும், இந்த நோயை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டார்.

அவர்களிடம் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. கா மொழியில் குவாஷியோர்கர் என்றார்கள். அடுத்த குழந்தை பிறந்ததும் தன் இடத்தை இழந்த பிள்ளைக்கு வரும் நோய் என்று அதற்கு விளக்கமும் சொன்னார்கள். எமது பாட்டிமாரின் சவலை என்ற சொல்லில் உள்ள பொருளும் இதுவேதான். ஒரு கடலுக்கு அப்பால் இருந்த தாய்மாரும், யாழ்ப்பாணத்துத் தாய்மாரும், ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே விடயத்தைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

நோய்க்கான காரணம் அந்தப் பெயரிலேயே இருந்தது. தாய்ப்பால் குடித்த வரை பிள்ளை நன்றாக வளர்ந்தது. புதுக் குழந்தை வந்ததும் அதற்குக் கிடைத்தது வெறும் சோளக் கஞ்சி. வயிறு நிறைந்தது, உடல் வளரவில்லை. 1933இல் வில்லியம்ஸ் இதை மருத்துவ இதழில் எழுதினார். 1935இல் லான்செட் இதழில் குவாஷியோர்கர் என்ற பெயரையே தலைப்பாக வைத்து மீண்டும் எழுதினார். ஆபிரிக்கத் தாய்மாரின் சொல் அப்படித்தான் உலக மருத்துவ நூல்களுக்குள் நுழைந்தது. பெரிய நிபுணர்கள் பல காலம் அதை மறுத்தார்கள். 1950களின் தொடக்கத்தில் ஐக்கிய நாடுகளின் சுகாதார, உணவு நிறுவனங்கள் ஆபிரிக்கா முழுவதும் ஆய்வு செய்து, இது மிகப் பரவலான, மிகக் கொடிய போசாக்குக் குறைபாடுகளில் ஒன்று என்று ஏற்றுக்கொண்டன.

அக்ராவில் அவர் இன்னொன்றையும் தொடங்கினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை எழுதி வைத்தார். வீடுகளுக்குப் போய்ப் பார்த்தார். நோய் தடுப்பும் வைத்தியமும் ஒரே இடத்தில் நடக்க வேண்டும் என்றார். இது மேலதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. முரண்பாடு முற்ற, 1936இல் அவரை மலாயாவுக்கு மாற்றினார்கள்.

சிங்கப்பூரில் ஒரு பேச்சு

அது யாழ்ப்பாணத்தவர்கள் பலர் ரயில்வேயிலும் அரச கந்தோர்களிலும் வேலை பார்த்த அதே மலாயா. எமது பழைய குடும்பங்களில் சிங்கப்பூரையும் கோலாலம்பூரையும் அறியாத குடும்பம் குறைவு. வில்லியம்ஸ் சிங்கப்பூரில் மருத்துவ மாணவர்களுக்குக் கற்பித்தார், சிறுவர் நோய்களைப் பார்த்தார். அங்கே அவர் கண்டது வேறு விதமான சவலை.

இங்கே தாய்க்குப் பால் இருந்தது. ஆனால் பிள்ளைக்கு ரின்பால் போனது. பால் கம்பனிகள் பெண்களைத் தாதியர் போல் உடை உடுத்தி வீடுவீடாக அனுப்பின. பிள்ளை பெற்ற பெண்ணிடம் அவர்கள், தாய்ப்பாலைவிட ரின்பால்தான் நல்லது என்று நம்பவைத்தார்கள். சில நாட்கள் ரின்பால் கொடுத்ததும் தாயின் மார்பில் பால் வற்றியது. அதற்குப் பிறகு பேணியை வாங்குவதைத் தவிர வேறு வழி இல்லை. காசு குறைந்தபோது பாலில் தண்ணீரைக் கூட்டினார்கள். சுத்தமில்லாத தண்ணீரில் வயிற்றோட்டம் வந்தது. கொழுப்பு நீக்கிச் சீனி சேர்த்த ரின்பாலில் விற்றமின் ஏ இல்லாததால், அதையே குடித்த பிள்ளைகளின் கண்பார்வைக்கும் ஆபத்து வந்தது.

1939இல் சிங்கப்பூர் றோட்டரிக் கழகம் அவரைப் பேச அழைத்தது. அவர் தன் பேச்சுக்கு வைத்த தலைப்பு பாலும் கொலையும் என்பது. குழந்தை உணவு பற்றிய பொய்ப் பிரசாரத்தால் நேரும் சாவுகளைக் கொலையாகவே கருத வேண்டும் என்று, நகரத்தின் செல்வந்தர்களும் வணிகர்களும் இருந்த சபையில் அவர் சொன்னார். அந்தப் பேச்சை அப்போது யாரும் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் 42 வருடங்கள் கழித்து, 1981இல், உலக சுகாதார மாநாடு தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கப்படும் பொருட்களின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேசக் கோவையை நிறைவேற்றியது. இலங்கையும் தனக்கென ஒரு கோவையை வகுத்தது. இன்று எமது வைத்தியசாலைகளின் பிரசவ விடுதிகளில் குழந்தைப் பால்மா விளம்பரம் இல்லாமல் இருப்பதற்குப் பின்னால் அவரைப் போன்றவர்களின் நீண்ட போராட்டம் இருக்கிறது.

சாங்கி முகாம்

1941 டிசம்பரில் ஜப்பானியப் படைகள் மலாயாவில் இறங்கியபோது, வில்லியம்ஸ் கிழக்குக் கரையில் உள்ள திரங்கானுவில் இருந்தார். அங்கிருந்து காட்டு வழியாகத் தப்பிச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. சிவிலியன் கைதிகளுடன் அவரும் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டார்.

முகாம் வாழ்க்கை என்பது என்னவென்று எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வரிசை, அளந்து கொடுக்கும் அரிசி, வயிற்றோட்டம், யாரைக் கூட்டிப்போவார்கள் என்ற பயம் எல்லாம் அங்கும் இருந்தன. வில்லியம்ஸ் பெண்கள் முகாமின் தலைமைப் பொறுப்புக்குத் தெரிவானார். 1943இல் ஜப்பானிய இராணுவப் பொலிஸ் அவரை விசாரணைக்குக் கொண்டுபோனது. சுமார் நான்கு மாதங்கள், இறந்துகொண்டிருந்த ஆண்களுடன் ஒரே கூட்டுக்குள் அடைத்துவைத்தார்கள். விற்றமின் பீ1 குறைவால் வரும் பெரிபெரி நோயும் அவரைப் பீடித்தது. அதனால் அவர் பாதங்களில் உணர்வு குன்றியது. 1945இல் விடுதலை வந்தபோது அவர் சாகும் தறுவாயில் வைத்தியசாலையில் கிடந்தார்.

அந்த முகாமில் பிறந்த குழந்தைகள் பற்றி அவர் பின்னர் ஒரு கணக்குச் சொன்னார். 20 குழந்தைகள் பிறந்தன. 20 பேருக்கும் தாய்ப்பால் கொடுக்கப்பட்டது. 20 பேரும் உயிர் தப்பினார்கள். பட்டினியிலும் தாயின் உடல் பிள்ளைக்குப் பால் சுரக்கும் என்பதை அவர் அங்கே கண்ணால் கண்டார்.

இந்தக் கணக்கைப் படிக்கும்போது எமக்கு 2009 நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. முள்ளிவாய்க்காலில் கஞ்சி வரிசையில் நின்ற தாய்மார், பங்கருக்குள் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு பால் வரவில்லையே என்று தவித்தார்கள். சாங்கியின் கணக்கை எடுத்து அவர்களை அளக்கக் கூடாது. பயமும் அதிர்ச்சியும் பால் இறங்குவதைத் தடுக்கும் என்பது உடற்கூற்று உண்மை. தாகத்தோடும் காயத்தோடும் எறிகணைக்கு நடுவே இருந்த தாய்க்கும், சிறைக்குள் என்றாலும் ஒரு கூரையின் கீழ் இருந்த தாய்க்கும் நிலைமை ஒன்றல்ல. வில்லியம்ஸின் கணக்கு சொல்வது வேறொன்று. பிள்ளையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் முதலில் தாயைக் காப்பாற்ற வேண்டும். தாய்க்கு உணவும் ஓய்வும் பாதுகாப்பும் கொடுக்காமல், பிள்ளைக்குப் பேணி கொடுத்துப் பயனில்லை.

மீண்டும் அகதிகளிடையே

உடல் தேறியதும் அவர் வேலைக்குத் திரும்பினார். 1948இல் உலக சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவின் முதல் தலைவரானார். பின்னர் இலங்கையும் அடங்கிய தென்கிழக்காசியப் பிராந்தியத்துக்கு ஆலோசகராகப் பணிபுரிந்தார். 1960 முதல் 1964 வரை பெய்ரூட்டில் பேராசிரியராக இருந்த காலத்தில், பலஸ்தீன அகதிகளின் தாய் சேய் நலத்துக்காக வேலை செய்தார். 1972இல் தாய் சேய் நலச் சேவைகள் பற்றி டெரிக் ஜெலிஃப் என்ற வைத்தியருடன் சேர்ந்து நூல் எழுதினார். 1992 ஜூலை 13ஆம் திகதி, 98 வயதில், ஒக்ஸ்போர்ட்டில் காலமானார்.

அவரது கண்டுபிடிப்பைச் சுற்றி ஒரு திசைமாற்றமும் நடந்தது. சவலை நோய்க்குக் காரணம் புரதக் குறைவு என்று உலகம் ஏற்றுக்கொண்டதும், 1950களிலும் 60களிலும் புரத மாவைத் தயாரித்து ஏழை நாடுகளுக்கு அனுப்பினால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நம்பினார்கள். பெரும் பணம் செலவாயிற்று. 1974இல் டொனால்ட் மக்லாரன் என்ற வைத்தியர் லான்செட் இதழில் இது ஒரு பெருந்தோல்வி என்று எழுதினார். பிள்ளைக்குக் குறைந்தது புரதம் மட்டும் அல்ல, போதிய உணவே. கூடவே அடிக்கடி வரும் தொற்றுநோயும் பிள்ளையைத் தின்றது. ஒரு குடும்பத்தின் வறுமையையும் தாயின் களைப்பையும் நோயையும் ஒரு மாவுக்குள் அடைத்துத் தீர்க்க முடியவில்லை.

எமது பிள்ளைகளுக்கு

வில்லியம்ஸ் இன்று எமது கிளினிக் ஒன்றில் இருந்திருந்தால், பிள்ளை சாப்பிடுதில்லை என்று வரும் தாயிடம் முதலில் கேள்விகளைத்தான் கேட்டிருப்பார். எப்போதிருந்து? காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்ததா? வீட்டில் புதிதாகக் குழந்தை பிறந்திருக்கிறதா? பகலில் பிள்ளையை யார் பார்க்கிறார்கள்? சாப்பாட்டுக்கு முன்னர் என்ன குடிக்கிறது?

இந்தக் கேள்விகளுக்குள் பல பதில்கள் இருக்கின்றன. ஒரு வயது தாண்டியதும் பிள்ளையின் வளர்ச்சி வேகம் இயல்பாகவே குறையும். அதனால் பசியும் குறையும். நிறை கூடிக்கொண்டு, பிள்ளை ஓடி விளையாடினால் அது நோயல்ல. போத்தல் போத்தலாகப் பால்மாவும், இடையிடையே பிஸ்கட்டும் இனிப்புத் தேநீரும் குடித்த பிள்ளைக்குச் சோற்று நேரத்தில் பசி இருக்காது. அளவுக்கு மிஞ்சிய மாட்டுப்பால் உணவைக் குறைத்து, இரும்புச்சத்துக் குறைவை உண்டாக்கும். இரத்தம் குறைந்த பிள்ளைக்குப் பசி மேலும் குறையும். பூச்சித் தொல்லையும், ஆறாத தொற்றும் பசியைக் கொல்லும். பசி தூண்டும் மா என்று வாங்கிக் கொடுக்கும் இனிப்புப் பானமே சில வேளை பசியின்மைக்குக் காரணமாகிவிடுகிறது.

அதற்காகச் சத்து மருந்தும் மேலதிக உணவும் வேண்டாம் என்று பொருளல்ல. 1973 முதல் இலங்கையில் வழங்கப்படும் திரிபோஷ, சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்த நல்ல மேலதிக உணவு. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த சிறு பிள்ளைகளுக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையூடாக அது இலவசமாகக் கிடைக்கிறது. 2022இன் நெருக்கடியில் அதன் விநியோகம் தடைப்பட்டபோது ஏழை வீடுகள்தான் அதிகம் பாதிக்கப்பட்டன. கிளினிக்கில் கொடுக்கும் விற்றமின் ஏயும், வைத்தியர் பார்த்து எழுதும் இரும்புச்சத்தும் பூச்சிமருந்தும் தேவையானவையே. அவை பிள்ளையைப் பார்த்து, நிறையைப் பார்த்துக் கொடுக்கப்படுகின்றன. விளம்பரத்தைப் பார்த்து வாங்கும் பேணி பிள்ளையைப் பார்ப்பதில்லை.

எமது சமையலறையில் இருப்பவை குறைந்தவை அல்ல. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அதன் பின்னர் இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பாலோடு வீட்டு உணவு. குழைத்த சோற்றில் பருப்பும், முருங்கையிலையும், ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் அல்லது தேங்காய்ப்பாலும் சேர்ந்தால் சிறு வயிற்றுக்குள் போதிய சக்தி போய்விடும். ஒரு முட்டையோ, வறுத்து இடித்த நெத்தலியோ புரதத்தைத் தரும். குரக்கனும் உழுந்தும் பயறும் வறுத்துத் திரித்த சத்துமா பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. தண்ணிக்கஞ்சி மட்டும் கொடுத்தால் அக்ராவில் நடந்ததுதான் இங்கும் நடக்கும். நோயில் இருந்து எழும்பிய பிள்ளைக்கு இரண்டு வாரமாவது ஒரு வேளை கூடுதலாகக் கொடுக்க வேண்டும். சிறிது சிறிதாக, அடிக்கடி, அடிக்காமல், வெருட்டாமல், கூட இருந்து ஊட்ட வேண்டும்.

ஆனால் சில அறிகுறிகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. வளர்ச்சி அட்டையில் நிறைக்கோடு கிடையாகப் போவது அல்லது கீழே இறங்குவது, இரண்டு பாதமும் வீங்குவது, பிள்ளை சோர்ந்து விளையாட மறுப்பது, எந்த உணவையும் தொடாமல் இருப்பது எல்லாம் ஆபத்தானவை. கடும் போசாக்கின்மை உள்ள பிள்ளைக்கு உலக நடைமுறையில் முதலில் செய்வது பசிச் சோதனை. வேறு மருத்துவச் சிக்கல்கள் இல்லாமல், தயாராக உள்ள சத்துணவை அந்தப் பிள்ளை சாப்பிட்டால் வீட்டில் வைத்தே வைத்தியம் செய்யலாம். சாப்பிட மறுத்தால் உடனே வைத்தியசாலையில் சேர்க்க வேண்டும். அந்த நிலையில் பசியின்மை பிள்ளையின் குறும்பல்ல, உடல் கேட்கும் உதவி. அக்ராவின் பிள்ளைகள் தலையைத் திருப்பிக்கொண்டதை வில்லியம்ஸ் அப்படித்தான் பார்த்தார்.

இன்று எமது ஊர்களில் பிள்ளை தன் இடத்தை இழப்பதற்கு அடுத்த குழந்தை மட்டும் காரணம் அல்ல. தாய் விடியற்காலையில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய் இரவில் திரும்புகிறாள். தாய் வெளிநாட்டில், பிள்ளை அம்மம்மாவோடு. தந்தை காணாமல் ஆக்கப்பட்டவர், தாய் அவரைத் தேடிப் போராட்டப் பந்தலில். பிள்ளை சாப்பிடாமல் இருப்பதற்கு இவையும் காரணங்கள். இவற்றுக்கு மருந்துக்கடையில் பேணி கிடையாது. அந்த வீட்டுக்குக் குடும்ப நல உத்தியோகத்தர் நேரத்துக்குப் போக வேண்டும். அயலவர் ஒரு நேரம் பிள்ளையைப் பார்த்து ஊட்ட வேண்டும். தாய்க்கு வீட்டருகே வேலை வேண்டும். இவற்றைக் கேட்பதும் பெற்றுக்கொடுப்பதும் எமது ஊர் அமைப்புகளின் பொறுப்பு.